ஒரு கன்னம் உப்பிய முயல்

எங்கள் அக்காவுக்குப் பேசவே வராது என்று அவள் வேலை பார்க்கும் கட்டடத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறு மாடிக் கட்டடம். கீழே கடைகள், மேலே ஆபீஸ்கள், நடுவில் ஒரு பல் டாக்டர். அக்கா அங்கே லிஃப்ட் ஆபரேட்டர். கிழட்டு லிஃப்ட் அது. கம்பிக் கதவை இழுத்துச் சாத்த ஓர் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மாடிக்கு நடுவே நின்று கழுத்தறுக்கும். ஏறுகிறவர்கள் எண்ணைச் சொல்வார்கள், அக்கா பொத்தானை அமுக்குவாள், அவ்வளவுதான். "வணக்கம்" என்று யாராவது சொன்னாலும் தலையைத்தான் ஆட்டுவாள். ஆனால் கை சும்மா இருக்காது. மடியில் ஒரு துணிப் பை, பைக்குள் நூல்கண்டு, விரலிடுக்கில் நுனி வளைந்த குரோஷா ஊசி. வாய் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் அந்த ஊசிதான் செய்யும்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. ஓரகத்திகள் ஒரே வீட்டில் குப்பை கொட்ட முடியாது என்பார்கள். நாங்கள் பேஷாகக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். காரணம் ரொம்பச் சுலபம்: அவள் பேச்சை ஆரம்பிக்க மாட்டாள், நான் நிறுத்த மாட்டேன். மருந்துக் கடை கவுண்டரில் நின்று, "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்று காது மந்தமானவர்களுக்கெல்லாம் கத்திக் கத்தி என் தொண்டை அப்படி ஆகிவிட்டது. நான் என்ன செய்ய!

எங்கள் மாமனார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பிய குரல், வீட்டுக்குள் வந்தும் இறங்கவில்லை. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். வைத்துக்கொண்டால் தேவலையே என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா முதல்முதலாக ஒரு கரடி பின்னி, ஆசை ஆசையாக ஷெல்ஃபில் வைத்திருந்தாள். வீடு நிறைய விருந்தாளிகள். மாமா அதைத் தூக்கிப் பிடித்து, "இந்தக் கத்திரிக்காய்க்கு யாரும்மா கால் வெச்சது?" என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிற அக்கா, அந்த வருஷக் கோட்டா முழுவதையும் அங்கேயே செலவழித்தாள்.

"டிக்கெட் கிழிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது போதும் மாமா. இதெல்லாம் தெரியாது."

முப்பது வருஷம் கண்டக்டராக நின்ற மனுஷர். முகம் சுண்டிப் போய்விட்டது. அன்றைக்கு நின்றது இருவருக்கும் பேச்சு. பிடிவாதத்தில் இவர் ஒரு சாண் என்றால் அவள் ஒரு முழம்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் நான். "டீயில சக்கரை தூக்கலா இருக்குன்னு சொல்லு" என்பார் மாமா. அக்கா அவர் எதிரிலேயே டம்ளரோடு நின்றுகொண்டிருப்பாள். நான் கழுத்தைத் திருப்பி, "அக்கா, சக்கரை தூக்கலாம்" என்பேன். "நாளைக்குக் கொறைக்கிறேன்னு சொல்லு" என்பாள். நான் கழுத்தை மறுபடி இந்தப் பக்கம் திருப்ப வேண்டும். கழுத்துவலி மாத்திரைக்கு என் கடையிலேயே நான் நல்ல வாடிக்கை.

சிரிப்பாகச் சொன்னாலும் அக்காவுக்கு அது உள்ளூர அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது தானாகவே சொன்னாள். "எனக்கு அப்பா முகமே ஞாபகம் இல்லடி. இந்த வீட்டுக்கு வந்தப்ப, 'வாம்மா, உள்ள வா'ன்னு மொதல்ல கூப்பிட்டது அவர்தான். இப்ப ஒரு வார்த்தை பேசலாம்னா எந்த வார்த்தையில ஆரம்பிக்கறதுன்னே தெரியல." அவள் அழவில்லை. தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஏற்கெனவே துடைத்த தட்டை.

இந்த நிலைமையில்தான் முயல் வந்தது.

அக்காவின் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரு பொம்மைக் கடை. அதை நடத்துகிற அம்மா லிஃப்டில் ஏறும்போதெல்லாம் அக்காவின் மடியை எட்டிப் பார்ப்பார். ஒருநாள், "கை ரொம்ப சுத்தமா இருக்கு உங்களுக்கு. ஆனா இந்த யானை, பூனை எல்லாம் நெட்ல இருக்கறதுதானே? ஊர்ல பாதிப் பேர் இதையேதான் போடறாங்க. உங்க சொந்தமா ஒரு முயல் பண்ணிக் குடுங்க, என் ஷோகேஸ்ல நடுவுல வெக்கிறேன்" என்றார்.

அக்காவுக்கு ஜுரம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சமையலறை மேடையில் காகிதத்தைப் பரப்பி முயல் முயலாக வரைந்தாள். நீளக் காது, குட்டைக் காது, தொங்கும் காது. முதல் முயலைப் பார்த்த கடைக்கார அம்மா, "அழகுதான், ஆனா எங்கயோ பாத்த மாதிரி இருக்கே" என்றார். இரண்டாவது ஒல்லி. அது முயலா, காது முளைத்த எலியா என்று நானே கேட்டுவிட்டேன். மூன்றாவதற்குத் தலை கனம். உட்கார வைத்தால் குப்புற விழுந்து கும்பிடு போட்டது.

இந்த வேலையே எண்ணிக்கையில்தான் நிற்கிறது. ஒரு சின்ன வளையத்தில் ஆரம்பித்து, நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். கண்ணிகளைக் கூட்டினால் விரியும், குறைத்தால் குவியும். கூட்டுகிறதைச் சுற்றிலும் சமமாகப் பிரித்துப் போட்டால்தான் தலை உருண்டையாக வரும். அதனால் கை, கால், வால் மாதிரி நேராகப் போகிற சமாச்சாரங்களை மட்டும் லிஃப்டில் வைத்துக்கொண்டு, தலையை வீட்டில்தான் பின்னுவாள். பின்னும்போது நான் வாயைத் திறந்தால் முறைப்பாள்.

நாலாவது முயலுக்கு அவசரம். கடைக்கார அம்மா ஷோகேஸை மாற்றப்போகிறார். வேறு வழியில்லாமல் அக்கா தலையையும் லிஃப்டுக்குக் கொண்டுபோனாள். அதுவும் திங்கட்கிழமை காலையில்! கேட்கவா வேண்டும்? இவள் உள்ளுக்குள் "மூணு" என்று எண்ணுவாள். ஏறுகிறவர் "அஞ்சு" என்பார். இவள் விரல் "ஆறு" என்று தொடரும். "நாலு", "ரெண்டு", "ஆறும்மா, லேட்டாயிடுச்சு" என்று அந்தக் கட்டடத்தின் மாடிகள் அத்தனையும் முயலின் மண்டைக்குள் புகுந்துவிட்டன. கூட்ட வேண்டிய கண்ணிகள் ஒரே பக்கமாகப் போய்க் குவிந்தன. சாப்பாட்டு நேரத்தில் பஞ்சை அடைத்து, கண்களையும் வைத்துவிட்டாள். அந்தக் கண்கள் உள்பக்கம் வில்லை வைத்துப் பூட்டுகிற ரகம். ஒருமுறை அமுக்கினால் அமுக்கியதுதான், முகத்தை வெட்டாமல் வெளியே வராது.

சாயங்காலம் பையை மார்போடு அணைத்தபடி சமையலறைக்குள் வந்தாள். "சொதப்பிட்டேன்டி" என்றாள். நான் பிடுங்கிப் பார்த்தேன்.

இடது கன்னம் கொழுக்கென்று உப்பியிருந்தது. அதனால் அந்தப் பக்கத்து வாய் லேசாக மேலே ஏறி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. கண்கள் இரண்டும் மூக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தன. தலை ஒரு பக்கம் சாய்ந்து, "ம், அப்புறம்?" என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி? என்ன?"

"அக்கா, காதை மட்டும் மறைச்சுட்டுப் பாரு."

அதற்குள் அக்கா வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். முயலைப் பார்த்தார். கூடத்தை எட்டிப் பார்த்தார். மறுபடி முயலைப் பார்த்தார். "அப்பாவ எதுக்கு நூல்ல பண்ணி வெச்சிருக்க?" என்றார்.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, நான் வேணும்னு பண்ணலடி! மாடிக் கணக்கு குறுக்க குறுக்க வந்துடுச்சு!" என்று கையை உதறினாள். அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அவள் வேலை முடிந்து கிளம்பும்போதே கடைக்கார அம்மா முயலைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒரு முகத்த நான் எங்கயும் பாத்ததில்ல, நாளைக்கே குடுங்க" என்று குதித்திருக்கிறார். மாமாவோ தினமும் நடைக்குப் போவதே அந்தக் கடை வாசல் வழியாகத்தான். மருமகள் தன்னைக் கேலிப் பொம்மையாகப் பண்ணி ஊர் பார்க்க வைத்துவிட்டாள் என்று அவர் நினைத்துவிட்டால்? இருக்கிற "சொல்லு"வும் போய்விடும். கொடுக்காவிட்டால், அவள் சொந்தமாகச் செய்த ஒரே முகம் பையிலேயே கிடந்து மட்கும்.

"வெட்டிடறேன்" என்று கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டுவ, வெட்டுவ! அவர்கிட்ட காட்டி ஒரு வார்த்தை கேளு."

"நீ காட்டேன்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! "இதோ பாரு, சக்கரைக்கும் உப்புக்கும் நான் நடையா நடந்தாச்சு. இதுக்கு நான் போக மாட்டேன். செஞ்சது நீ, முகம் அவரோடது. நடுவுல நான் யாரு?" என்று கத்தரிக்கோலைப் பிடுங்கி டப்பாவுக்குள் போட்டேன். அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு, முயலை எடுத்துக்கொண்டு, கூடத்துக்குப் போனாள். என் வீட்டுக்காரரும் அதற்குள் வந்துவிட்டார். நாங்கள் மூவரும் கதவுக்குப் பின்னால் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றோம்.

மாமா ஜன்னலோர நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அக்கா முயலை அந்தப் பேப்பர் மேலேயே வைத்தாள்.

"மாமா."

பழக்கதோஷம், அவர் தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் என்னைத்தான் தேடினார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"மாமா, இது கடைக்குப் பண்ணின முயல். எண்ணிக்கை தப்பிப்போய் உங்க ஜாடை வந்துடுச்சு. சத்தியமா வேணும்னு பண்ணல. ஷோகேஸ்ல வெக்கக் கேக்கறாங்க. நீங்க வேணாம்னு சொன்னா இப்பவே வெட்டிடறேன்."

மாமா முயலைத் தூக்கினார். முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். எழுந்து கைகழுவும் தொட்டிக்குப் போய், அங்கே தொங்கும் கண்ணாடியில் முயலைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். மாமா தன் இடது கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார், பிறகு முயலின் கன்னத்தை. திரும்பி வந்து உட்கார்ந்தார். அவர் குரல் தணிந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஏம்மா, எனக்கு இவ்வளவு சிரிச்ச முகமாவா இருக்கு?"

"பேப்பர் படிச்சுக்கிட்டே தூங்கிடுவீங்களே மாமா, அப்ப இப்படித்தான் இருக்கும்."

"அத நீ எப்ப பாத்த?"

"பேசத்தானே இல்ல மாமா" என்றாள் அக்கா. "பாக்காம எப்படி இருக்கறது?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. வாயாடிக்கு அழுகை வராது என்று எவன் சொன்னான்? அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா முயலின் காதை நீவிவிட்டார்.

"நாலு பேருக்கு முன்னாடி நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா."

"நானும்தான் மாமா."

"இத வெட்டாத. இது எனக்கு வேணும். கடைக்கு இதே மாதிரி இன்னொண்ணு போட்டுக் குடுத்துடு."

அக்கா உதட்டைக் கடித்தாள். "முடியாது மாமா. எங்க கூட்டினேன், எங்க கொறைச்சேன்னு எனக்கே தெரியாது. இன்னொரு தடவை பண்ணினா வேற யார் முகமாவது வரும்."

"தெரியாதுன்னா? அதான் இதுலயே இருக்கே! எண்ணினாத் தெரிஞ்சுட்டுப் போகுது. நூலை எடுத்துட்டு வா."

ஒரு சுற்று முடிவதற்குள் கூடம் ஒரே அமர்க்களமாகிவிட்டது. மாமா முயலை மடியில் வைத்து, நகத்தை ஒவ்வொரு கண்ணியாக நகர்த்திக்கொண்டே உரக்கப் படித்தார். அக்கா எதிரில் தரையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்லப் பின்னினாள்.

"மூணு, நாலு. இங்க ரெண்டு ஒண்ணா சேந்திருக்கும்மா."

"கன்னம் ஆரம்பிக்கற எடமா மாமா?"

"ஆமா, கன்னம்தான். அடுத்ததுலயும் ரெண்டு. அடுத்ததுலயும்."

"அவ்வளவு இருக்காது மாமா, சரியாப் பாருங்க."

"என் கன்னம், எனக்குத் தெரியாதா? போடும்மா ரெண்டு!"

"சரி, அடுத்தது?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ போட்டு எடுத்துப் போனேன். மாமாவுக்கு ஒரு டம்ளர், அக்காவுக்கு ஒரு டம்ளர். இரண்டு பேரும் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பழக்கம் விடவில்லை, மாமா பக்கம் கழுத்தைத் திருப்பி, "மாமா, அக்கா என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ கொஞ்சம் சும்மா இரு, எண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.