மீன்கடையில் சொன்ன போமலின்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்; அங்கே ஆய்வுகூடத்தில் வேலை. கல்முனைச் சந்தையில் வாப்பாவின் மீன்கடையில் நின்றபோது, வழக்கமாக வரும் மாமி ஒருவர் பாரை மீனைத் தூக்கியபடி கேட்டார்.

"லெப்ல என்ன புள்ள செய்யிறாய்?"

"கலத்துக்குள்ள டீ.என்.ஏ எப்பிடி மடிஞ்சு கிடக்கெண்டு பாக்கிறன் மாமி. போமலின் ஊத்தினா, தொட்டுக் கிடக்கிற இடமெல்லாம் அப்பிடியே ஒட்டி நிக்கும். பிறகு வெட்டி, ஒட்டின துண்டுகள இணைச்சு வாசிச்சா, எது எதுக்குப் பக்கத்தில கிடந்ததெண்டு தெரியும்."

மாமி பாரையை மெல்லத் திரும்ப வைத்தார். "போமலினா? வாப்பாக்கும் நீதான் கொண்டந்து குடுக்கிறியா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பிணம் கெடாமல் வைக்கிற போமலினை மீனுக்கும் போடுகிறார்கள் என்ற பேச்சு சந்தையில் அடிபட்ட நேரம் அது. மாமி வெறுங்கையோடு போனார்.

"இனி ஆரும் கேட்டா கொம்பியூட்டர் படிக்கிறனெண்டு சொல்லு," என்றார் வாப்பா.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் விடியவே கடைக்குப் போய், மாமி வரும்வரை உட்காராமல் நின்றேன். வந்ததும் ஒரு பாரையின் செவுளைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"மணந்து பாருங்க மாமி. போமலின் பட்டிருந்தா மூக்கில குத்தும், இந்தச் சிவப்பும் மங்கிரும். அதோட வேலை செய்யிறவள் சொல்றன்."

மாமி முகர்ந்து பார்த்தார். பிறகு வாப்பாவிடம், "இதையே நிறுங்க," என்றார்.

வாப்பா தராசைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "கொம்பியூட்டர் எண்டுதானே சொல்லச் சொன்னன்."