தெளியும்வரை அலசிய உடை

வளைகுடாவில், முசஃபா பேட்டையில் எங்கள் லாண்டரிக்கு வரும் மெக்கானிக்குகளும் வெல்டர்களும் நாகலிங்கம் அண்ணன் கையில்தான் துணியைக் கொடுப்போம் என்று அடம்பிடிப்பார்கள். கிரீஸோ பெயிண்டோ, எதுவானாலும் மனுஷர் போக்கிவிடுவார். நான் இஸ்திரி மேசைக்காரன். என்னை யாரும் ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனால் அவரையோ யாராவது பாராட்டினால் முகம் செத்துப்போகும். சரியான திமிர் பிடித்த ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவராகவே வாயைத் திறந்தார்.

குவைத் சண்டையின்போது இங்கிருந்து போன பட்டாளத்துக்குத் துணி துவைக்க ஒரு காண்ட்ராக்டர் ஆள் பிடித்தான். அதில் இவரும் போனார். குவைத் எல்லைக்குத் தெற்கே வெறும் மணல். அதில் வரிசையாகக் கூடாரங்கள். சண்டை என்றால் சுட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று இவர் நினைத்திருக்கிறார். சிப்பாய்கள் செய்ததெல்லாம் மண் தோண்டியதுதான். காலையில் தொழுகை, அணிவகுப்பு, பிறகு பதுங்குகுழி வெட்டுவார்கள். காற்றடித்து அது பாதி மூடும். மறுபடியும் வெட்டுவார்கள். துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் மணல் புகுந்துவிடும். சோற்றிலும் மணல்தான். மிச்ச நேரமெல்லாம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, என்றைக்கு முன்னால் போகச் சொல்வார்கள் என்று காத்துக் கிடந்தார்கள்.

நடுநடுவே சைரன் ஊதும். நச்சுப்புகை குண்டு விழலாம் என்று எல்லோருக்கும் பயம். முகமூடியை மாட்டி, கேஸ் டிரெஸ் என்கிற தடித்த உடைக்குள் புகுந்துகொள்ள வேண்டும். குளிர்காலம்தான், ஆனாலும் உள்ளே வெந்துபோவார்கள். கழற்றும்போது பனியன், கழுத்து, கை எல்லாம் கன்னங்கரேலென்று இருக்கும்.

முபாரக் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ராஸ் அல் கைமாக்காரன், மீன்பிடிக்கும் குடும்பம். பம்பாய்க்குப் படகில் போய்வந்த தகப்பனிடம் இந்தி கற்றவன். தானாகவே பேர் கொடுத்துப் பட்டாளத்தில் சேர்ந்து, பயிற்சி பாதியில் இருக்கும்போதே கேம்புக்கு வந்துவிட்டான். துணி போட வரும்போதெல்லாம் அண்ணனுக்கு ஒரு டீ கொண்டுவருவான். நம்மை மனுஷனாகப் பார்த்து டீ கொண்டுவருகிறவன் இந்த ஊரில் எத்தனை பேர், நீங்களே சொல்லுங்கள்.

அவனுடைய கறுத்த பனியன்களைக் கசக்கிக் கசக்கி அண்ணனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அழுக்கு வருகிற இடத்தில் கையை வைத்தால்தான் தீரும் என்று தோன்றியிருக்கிறது. ஒருநாள் அவன் வெயிலில் உலர்த்தப் போட்டிருந்த கேஸ் டிரெஸ்ஸை எடுத்துச் சோப்பில் ஊறவைத்துவிட்டார். கறுப்பாக வந்த தண்ணீரைக் கொட்டிக் கொட்டி, தெளியும்வரை அலசினார். சாயங்காலம் முபாரக் அதைப் போட்டுக் கழற்றிப் பார்த்தான். பனியன் வெள்ளையாகவே இருந்தது. அண்ணனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான்.

மறுநாள் ஸ்டோரில் இருந்த சேதுமாதவன் என்கிற மலையாளியிடம் அண்ணன் கேட்டார்.

“ஏன் சேட்டா, அந்த கேஸ் டிரெஸ்ஸக் குடுக்குறப்பவே ஒரு தண்ணி அலசிக் குடுத்தா என்ன? எம்புட்டுக் கரி!”

“அய்யோ, அதைத் தண்ணியில போடக்கூடாது நாகலிங்கம். அந்தக் கரிதான் புகையைப் பிடிச்சு நிறுத்தும். கரி போச்சுன்னா அது வெறும் சாக்கு.”

அண்ணன் அப்போதே போய் முபாரக்கிடம் சொல்லியிருக்கலாம். ஸ்டோரில் வேறு டிரெஸ் கொடுத்திருப்பார்கள். ஆனால் பட்டாளத்துப் பொருளைக் கெடுத்தவனை எதிரிக்கு உளவு பார்த்தவன் என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கேம்பில் ஒரு பேச்சு இருந்தது. பயந்துவிட்டார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினார்.

அதற்குள் முபாரக்கின் பனியனைப் பார்த்த கூட்டாளிகள் தங்கள் டிரெஸ்களைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். சோப்பு தீர்ந்துவிட்டது என்று அண்ணன் பொய் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர்களைக் காப்பாற்ற வாய் வந்தது. டீ கொடுத்தவனுக்கு வரவில்லை. எனக்கு மட்டும்தான் துவைத்துக் கொடுத்தான் என்று முபாரக் கேம்ப் முழுக்கப் பெருமையடித்தான். அந்த வாரமே லாரிகள் வந்தன, அவர்கள் முன்னால் போனார்கள். அண்ணனைக் காண்ட்ராக்டர் முசஃபாவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டான்.

“புகைக்குண்டுதான் விழவே இல்லையேண்ணே. அப்பறம் எதுக்குப் போட்டு மனசைக் கொழப்புறீங்க?” என்று நான் கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன்.

“விழலைங்கிறது இன்னைக்குத் தெரியும் பாய். அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்ல. தெரியாமத்தான அனுப்பி வச்சேன்.”

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு அண்ணன் துவைக்கப் போய்விட்டார்.

போன மாதம் அரபிக்காரர் ஒருவர் பக்கத்து கேரேஜில் வண்டியை விட்டுவிட்டு, கிரீஸ் பட்ட தன் கந்தூரா அங்கியைப் பையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். தோளில் ஒரு பெண் குழந்தை. உள்ளேயிருந்து வந்த அண்ணனைப் பார்த்ததும் குழந்தையை என் மேசையில் உட்காரவைத்துவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். பெயர் சொல்லாமலேயே எனக்கு ஆள் புரிந்துவிட்டது. அவர்கள் பேசிய உடைந்த இந்தியில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

“பாய், இவர் துவைச்ச டிரெஸ்தான் என்னைக் காப்பாத்தினது” என்று முபாரக் என்னிடம் சொன்னார். “முன்னால போனப்ப ஒருநாள் புகைக்குண்டுன்னு சைரன் ஊதிட்டாங்க. எங்க ஆள் ஒருத்தன் கால் ஒடிஞ்சு வெளியில கிடக்கான். குழிய விட்டு யாரும் எழுந்திருக்கல. என் டிரெஸ்தான் சுத்தமானது, புகை உள்ள வராது, எனக்கென்ன பயம்னு நான் போய்த் தூக்கிட்டு வந்தேன்.”

அண்ணன் உண்மையைச் சொல்லிவிட்டார். கரி, சேதுமாதவன், சோப்புப் பொய், ஒன்றையும் விடவில்லை.

முபாரக் முதலில் சிரித்தார். அப்புறம் மேசையில் இருந்த குழந்தையைப் பார்த்தார். தன் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்த அதை வந்து தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“பயமா இருந்துச்சு.”

“எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. உன்னை நெனச்சுக்கிட்டுத்தான் வெளியில போனேன்.”

அவ்வளவுதான். கொண்டுவந்த பையை அப்படியே விட்டுவிட்டு, சலாம் சொல்லாமல் இறங்கிப் போனார்.

அண்ணன் துவைத்த கந்தூராவில் இப்போது கிரீஸ் இருந்த அடையாளமே இல்லை. அதை வாங்க இன்னும் யாரும் வரவில்லை. தூசி படிகிறபோதெல்லாம் அண்ணன் அதை இறக்கித் துவைக்கிறார். நான் இஸ்திரி போட்டு வாசலுக்குத் தெரிகிற மாதிரி மாட்டிவைக்கிறேன்.