கேப்டன் மேல் கட்டிய பிராது

சூளை திறக்கும் நாளில் எனக்கு பிரஷர் ஏறுகிறதென்றால் அதற்கு ஒரே காரணம் பாஞ்சாலைதான். வெந்து வெளியே வரும் பீங்கான் பியூஸ் கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பாள். கணீரென்று கேட்டால் பெட்டிக்குப் போகும். சத்தம் செத்துக் கிடந்தால் உள்ளே விரிசல் என்று அர்த்தம். தூக்கிக் கழிவுக் குவியலில் எறிந்துவிடுவாள். முதலாளி பக்கத்தில் நிற்கிறானே என்ற தயவு தாட்சண்யமெல்லாம் கிடையாது.

"ஏம்மா, இதெல்லாம் ஓடிடும். ஆர்டர்காரன் கழுத்து மேல உக்காந்திருக்கான்" என்பேன்.

"ஓடும்ங்க மொதலாளி. மழைக்காலத்துல எவன் வூட்லயாவது வெடிக்கும். அப்ப நீங்களா போயி பதில் சொல்லுவீங்க?"

நான் டீ குடிக்கப் போய்விடுவேன். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் இப்படிச் சரக்கைச் சோதிக்கிற செக்கர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். முதலாளியைத் திட்டுகிற செக்கர் எனக்கென்று வந்து வாய்த்தாள். ஆனாலும் அவள் ஒரு நாள் வரவில்லை என்றால் எனக்கு யூனிட்டே வெறிச்சென்று இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவளுடைய மகள் தமிழினி விமானம் ஓட்டுகிறவள். பாஞ்சாலையின் வீட்டுக்காரர் மாணிக்கவேல், பெண்ணாடம் பக்கம் கரும்பு போட்டிருந்த நிலத்தை விற்று, பற்றாததற்கு பேங்க்கில் கடன் வாங்கி அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தார். பொட்டப் புள்ளைக்கு எதற்கு றெக்கை என்று சொந்தபந்தம் சிரித்தது. ஒரு விமானக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் பாஞ்சாலை யூனிட் முழுக்க பாதுஷா கொடுத்தாள். அன்றிலிருந்து வானத்தில் எது பறந்தாலும், "பாஞ்சால, உன் பொண்ணு போவுது பாரு" என்று எல்லோரும் கூவுவார்கள். கிண்டல் என்று தெரிந்தும் அவள் அண்ணாந்து பார்த்துக் கையாட்டுவாள்.

பாதுஷாவின் இனிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் தமிழினி போன் பண்ணுவாள். பாஞ்சாலைக்கு ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வரும். அதனால் கம்பெனியின் லட்சணம் எங்கள் எல்லோருக்கும் அத்துப்படி.

வேலைக்கு எடுத்தவர்கள், டெல்லிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் மாதக்கணக்காக அவளைச் சும்மா உட்கார வைத்தார்கள். பயிற்சி முடித்து 'ரிலீஸ்' ஆனால்தான் முழுச் சம்பளம். அதுவரை கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பார்கள். பாண்டு எழுதி வாங்கிவிட்டதால் விட்டுவிட்டும் வர முடியாது. திடீரென்று புது விமானங்கள் வந்து இறங்கின. உடனே ஒரே அவசரம். தரையிலேயே வைத்து ஓட்டிப் பழக்குகிற சிமுலேட்டர் வகுப்புகளில் பாதியை வெட்டினார்கள். சீனியர் பைலட்டுகளுக்கோ தூக்கத்திலேயே வெட்டு. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் மறுபடி கூப்பிடுவார்களாம்.

"பிளேனு ஓட்டறவங்களுக்கே இந்தக் கதியா? நாசமாப் போற மேனேஜ்மென்ட்டு!" என்று பெண்கள் திட்ட ஆரம்பித்தால் நான் எழுந்து கைகழுவப் போய்விடுவேன். நானும் ஒரு மேனேஜ்மென்ட்தானே.

கடைசிக் கட்டமாக, பயணிகள் விமானத்திலேயே ஒரு கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பயிற்சி கொடுக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் ரிலீஸ். தமிழினிக்கு வந்தவர் கேப்டன் ஆதிநாராயணன், சென்னைக்காரர். ஒரு நாள் போனில் பெண் அழுதேவிட்டாள்.

"இந்தத் தடவையும் கையெழுத்துப் போடலம்மா. பக்கவாட்டுல காத்தடிக்கும்போது எறக்கறது இன்னும் பத்தாதாம். என்கூட சேர்ந்தவங்க வேற கேப்டனுங்ககிட்டப் போயி ரிலீஸாயிட்டாங்க. இவருகிட்ட மாட்டுன நாங்க சில பேருதான் இப்டியே கெடக்கறோம்."

பாஞ்சாலை சோற்றை மூடி வைத்துவிட்டாள். "மொதலாளி, சாயந்தரம் வண்டி எடுங்க. மணவாளநல்லூர் போவணும்."

எங்கள் பக்கத்து ஆட்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவதற்கு முன்னால் மணவாளநல்லூர் முருகன் கோயிலுக்கு, கொளஞ்சியப்பரிடம் போவார்கள். எதிராளியின் பெயர், ஊர், அவன் செய்த அநியாயம் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி, கட்டணம் செலுத்தி, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வந்தால் அதற்குப் பெயர் பிராது. வழக்கை சாமி எடுத்துக்கொள்ளும். எதிராளியின் ஊர் தூரமென்றால் கட்டணமும் கூடும். சாமி போய்வர வேண்டாமா? காரியம் முடிந்ததும் மறக்காமல் வந்து வாபஸ் வாங்க வேண்டும்.

"எதிராளி எந்த ஊரும்மா?" என்று கேட்டார் கோயிலில் எழுதுகிறவர்.

"ஒரு ஊருன்னு இல்லீங்க. காலைல டெல்லின்றாங்க, மத்தியானம் கொல்கத்தான்றாங்க. ராத்திரிக்கு எங்க இருப்பாருன்னு அவரு பொண்டாட்டிக்கே தெரியாது."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் முருகா என்று கோபுரத்தைப் பார்த்தேன். கடைசியில் சென்னைக்குத் தூரம் போட்டார். "ஆகாயத்துல தேட வேணாம். வூட்டுக்கு வரும்போது சாமி புடிச்சிக்கும்" என்று பாஞ்சாலைக்குச் சமாதானம் சொன்னார்.

ஒரு மாதம் ஆகியிருக்காது. தமிழினியின் போன். "அம்மா, ஆதிநாராயணன் சாரை ட்ரெயினிங்லருந்து எடுத்துட்டாங்க."

பாஞ்சாலை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். "கொளஞ்சியப்பா! கைவிடலடா அப்பா!"

"அம்மா, மொதல்ல கேளு!" பெண்ணின் குரல் உடைந்தது. "எங்களுக்கு வெட்டுன க்ளாஸையெல்லாம் திருப்பிக் குடுங்க, அப்பதான் கையெழுத்துப் போடுவேன்னு மேனேஜ்மென்ட்டுகிட்ட எங்களுக்காக அவருதாம்மா சண்ட போட்டாரு. அதுக்குத்தான் எடுத்துட்டாங்க. இதெல்லாம் எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். இப்ப வந்திருக்கற கேப்டன் ரெண்டு தடவ பறந்தா போதும், போட்டுடறேன்றாரு."

பாஞ்சாலை போனைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். எத்தனை வருஷப் பழக்கம்! அவள் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

"மொதலாளி, நான் ஒரு செக்கரு மேல பிராது கட்டிட்டேங்க."

அன்று சாயங்காலமே மகளிடம் நம்பர் வாங்கி அவருக்குப் போன் போட்டாள், வழக்கம்போல ஸ்பீக்கரில். தடுத்தால் கேட்கிற ஆளா? பிராது கட்டியது முதல் சென்னைக்குத் தூரம் போட்டது வரை ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டு, "மன்னிச்சிக்குங்க சார்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு. சிரித்துச் சிரித்து மனிதருக்கு இருமலே வந்துவிட்டது.

"அம்மா, நாங்க எத்தனையோ புகார் மேல அனுப்பியிருக்கோம். ஒண்ணுக்கும் பதில் கிடையாது. உங்க சாமி ஒரே மாசத்துல நடவடிக்கை எடுத்துட்டாரே!" பிறகு குரல் இறங்கியது. "என்னை எடுத்தது உங்க சாமி இல்லம்மா. அவங்களுக்கு ஆளு சீக்கிரம் வேணும், நான் சீக்கிரம் குடுக்க மாட்டேன். அவ்வளவுதான். உங்க பொண்ணு நல்லா ஓட்டுவா. அந்தக் காத்துல இன்னும் சில தடவை இறக்கிப் பழகினா போதும். அதைத்தான் குடுக்க மாட்டேங்கறாங்க."

"அந்த மேனேஜ்மென்ட்டு பேரு என்னாங்க சார்? எந்த ஊரு? அவன் மேல கட்டறேன்."

"எனக்கே தெரியாதும்மா. மெயில் வரும். கீழே 'நிர்வாகக் குழு'ன்னு இருக்கும். ஒரு மனுஷன் பேரு இருக்காது."

மறுநாள் மறுபடியும் மணவாளநல்லூர். "காரியம் முடிஞ்சிதாம்மா?" என்று கேட்டார் எழுதுகிறவர். "ஆளு மாறிப் போச்சுங்க" என்று சொல்லி பிராதை வாபஸ் வாங்கினாள். நிர்வாகக் குழு மேல் புதிதாக ஒன்று கட்ட வேண்டும் என்றாள். அவர் முடியாது என்று தலையாட்டிவிட்டார். பேரும் ஊரும் இல்லாமல் சாமி யாரைப் போய் விசாரிக்கும்? வண்டியில் திரும்பினோம். பேங்க் கடன், ரிலீஸ், கேப்டன் சொன்ன காற்று என்று அவள் மனசு கிடந்து அல்லாடியது எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவை பறந்தால் போதும், எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிடும். பெற்றவள் எதைத்தான் சொல்லுவாள்?

அடுத்த சூளை திறந்த அன்று தமிழினி கூப்பிட்டாள். குரலில் பயம் இருந்தது.

"அம்மா, திட்டாத. புது கேப்டன் கையெழுத்துப் போட வந்தாரு. வேணாம்னுட்டேன். எனக்கு விட்டுப்போன பயிற்சி வேணும்னு என் பேரு போட்டு மேல எழுதிக் குடுத்துட்டேன். ரிலீஸாவாத இன்னும் நாலு பேரும் அவங்கவங்க பேரு போட்டு எழுதிட்டாங்க. ஒரே சத்தம். கடைசில, தர்றோம்னுட்டாங்க. ஆனா என்னைத்தான் வரிசையில கடைசி ஆளாத் தள்ளிட்டாங்க. சம்பளம் வர இன்னும் நாளாவும்மா. அப்பாகிட்ட நீதான் சொல்லணும். கோவமா?"

பாஞ்சாலை பக்கத்துத் தட்டிலிருந்து சூடு ஆறாத இரண்டு கட்டைகளை எடுத்தாள். போனுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டினாள். கணீரென்று கேட்டது.

"கேட்டுச்சாடி?"

சின்ன வயதில் ஸ்கூல் விட்டு வந்து இந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். "கேட்டுச்சும்மா" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

போனை வைத்துவிட்டுப் பாஞ்சாலை முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். தட்டினாள். செத்த சத்தம். குவியலில் எறிந்தாள். அவசர ஆர்டர், லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. வழக்கம்போல என் வாய் திறந்தது.

"என்னாங்க மொதலாளி?" என்று நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா. நீ பாரு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். எனக்குப் பெயர் இருக்கிறது, ஊரும் இருக்கிறது. மணவாளநல்லூருக்குத் தூரமும் அதிகமில்லை.