மேபிள்தோர்ப்பில் அம்மா சிரித்த நாள்

பென்னாகரத்து மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற சில்வியா இங்கிலாந்தில் பிறந்தவள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அம்மா ராயம்மாள் அங்கே லவுத் என்கிற சின்ன ஊரில் நர்ஸ். ஒன்பது வயதில் சில்வியாவை மட்டும் தருமபுரியில் ஒரு ஹாஸ்டலில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பொம்பளைப் பிள்ளை, அங்கே வளர்ந்தால் கெட்டுப்போய்விடுமாம். தம்பி அமல்தாஸ் மட்டும் கெடமாட்டான் போல. அவனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

கொண்டுவந்த இங்கிலீஷ் ஹாஸ்டலிலேயே கரைந்துபோயிற்று. மிஞ்சியது ஒரு நாள். மேபிள்தோர்ப் கடற்கரை, மே மாத விடுமுறை. நம்மூர் மே என்று நினைக்கக் கூடாது, பல் தந்தியடிக்கும் குளிர். நாலு பேரும் ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு, வினிகர் தெளித்த உருளைக்கிழங்கு வறுவல் தின்றார்கள். கடற்பறவை ஒன்று பாய்ந்து வந்து அவள் கைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அம்மா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் முட்டுகிற வரை சிரித்தாள். வேறெப்போதும் அம்மா அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, மனசு சரியில்லாத நாளெல்லாம் அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் துணை.

கணவன் அந்தோணி பிரகாஷுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "சீமைக் கதைய ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று எழுந்து போய்விடுவான். போகட்டும். தம்பி வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று சில்வியா காத்திருந்தாள். அந்த நாளைப் பார்த்தவன் இனி அவன் ஒருத்தன்தானே.

அமல்தாஸ் இந்த வருஷம்தான் வந்தான். ஒகேனக்கல்லில் மீன் வறுவல் கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்ததும் அவளே பேச்சை எடுத்தாள்.

"அமலு, அந்தப் பறவ என் கையில இருந்து பிடுங்கிட்டுப் போச்சே, மாமாகிட்ட சொல்லு."

அவன் ஒரு நிமிஷம் அக்காவைப் பார்த்தான். "நெசந்தாங்க மாமா."

சில்வியாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிரகாஷ் இன்னொரு தட்டு மீன் வாங்கப் போனான். அவன் போனதும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிரிச்சு முடிச்சிட்டு அம்மா என்னமோ சொல்லுச்சேடா. எவ்வளவு யோசிச்சும் அது மட்டும் வரமாட்டேங்குது. என்ன சொல்லுச்சு?"

அமல்தாஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் விடுவதாயில்லை.

"அக்கா, பறவ பிடுங்குனது என் கையில இருந்து" என்றான். "அப்ப நீ இங்க ஹாஸ்டல்ல இருந்த. ஞாயித்துக்கிழம போன்ல நாந்தான் உனக்குச் சொன்னேன்."

அப்போதுதான் அவளுக்கு அந்த மே மாதம் நினைவுக்கு வந்தது. எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கூட்டிப்போக ஆளில்லாதவள் அவள் ஒருத்திதான். வார்டன் அறையில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தம்பி சொல்லச் சொல்லக் கூடவே சிரித்தாள்.

"அம்மா என்ன சொல்லுச்சு?" என்று மறுபடியும் கேட்டாள்.

"சிரிச்சுக்கிட்டே பக்கத்துல திரும்பி, 'சில்வியா, பாத்தியாடி'ன்னுச்சு. அப்புறந்தான் நீ இல்லன்னு ஞாபகம் வந்துச்சு. வூடு வந்து சேர்ற வரைக்கும் வாயே தொறக்கல அக்கா."