கணவாய் ஓட்டில் ஊற்றிய கால்

எங்கள் வீட்டில் வெள்ளீயத்தைக் கணவாய் மீனின் ஓட்டில்தான் ஊற்றுவோம். கரையில் ஒதுங்கும் அந்த வெள்ளை ஓடு நகம் பட்டாலே குழியும். கண், கை, கால், வள்ளம் என்று கோயிலுக்கு நேர்த்தி வைத்தவர்கள் கேட்டதை அதில் செதுக்கி, உருக்கிய ஈயத்தை விட்டால் ஓட்டின் வரிகளும் அப்படியே ஏறிவிடும். கடல் வற்றிய மணலைக் கையில் எடுத்த மாதிரி இருக்கும்.

உரு இடம் வலம் மாறித்தான் வரும். வலது கால் வேண்டுமென்றால் இடது காலைச் செதுக்க வேண்டும். இது எனக்கு 'அ' எழுத முன்னமே தெரியும்.

ஒரு நாள் தாழ்வுபாட்டிலிருந்து ஒரு பெண் வந்து, பெருநாளுக்கு மாதா கோயிலில் வைக்க வலது கால் ஒன்று கேட்டாள். புருசனுக்குத் திருக்கை முள் குத்திய புண். சீனி வருத்தமும் இருப்பதால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்களாம்.

பின்னேரம் என் வலது காலை வெயிலில் நீட்டி வைத்துக்கொண்டு செதுக்கினேன். பனையோலை சரசரத்தது. அது என் காலா, அந்த மனுசனுடைய காலா என்று தெரியாத ஒரு மயக்கம். பார்த்தபடியே செதுக்கிவிட்டேன்.

அவள் உருவைக் கொண்டுபோய் மூன்று நாள் கழித்து, கருகிய ஓட்டைக் கொட்டப் போனபோதுதான் கண்டேன். ஓட்டில் கிடந்தது வலது கால். அப்படியென்றால் நான் கொடுத்தது இடது.

வாசலுக்கு வருகிறவர்களோடு கதைப்பது தங்கச்சிதான். "நீ போய்ச் சொல்லிவிடன்" என்றேன்.

"ஊத்தினது நீ. வாயையும் நீயே கொண்டு போ அக்கா."

சரியான காலை ஊற்றி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனேன். அவள் புருசன் கதிரையில் இருந்தார். கட்டுப் போட்ட கால் முன்னால் இருந்த வாங்குப் பலகையில் கிடந்தது. புதுக் காலை அவர் கையில் வைத்து, "பிழை... முந்தினது இடது" என்றேன்.

பெண்சாதி நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ, மூண்டு நாளும் அதை வைச்சல்லோ செபிச்சனான்!"

அவர் சிரித்தார். "அதுதானப்பா, இடது காலில ஒரு நுளம்பும் கடிக்கேல்ல." பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டையும் கோயிலில வைப்பம். நீங்கள் யோசியாதேங்கோ அக்கா" என்றார்.

பெருநாள் முடிந்தும் நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. பயம். ஒருநாள் காலையில் அவரே ஊன்றுகோலோடு வந்தார். கால் இருந்தது. இரண்டு விரல்கள் இல்லை.

"நன்றிக்கு ஒரு கால் வேணும் அக்கா. மூண்டு விரலோட, உள்ளபடி ஊத்துங்கோ."

நான் தங்கச்சியைக் கூப்பிடவில்லை. "எந்த ரெண்டு விரல்?" என்று நானே கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை என் முன்னால் நீட்டினார்.