உப்புக் கிணறும் மொழிபெயர்ப்பாளரும்

சுனாமிக்கு மறு வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. புதுச்சேரியில் ஒரு விடுதியில், பசுமை வளர்ச்சிக்கு உதவ வந்த பிரெஞ்சுக் குழுவினரோடு கூட்டம். ஏசி நடுங்க வைத்தது. மொழிபெயர்ப்பாளர் அறுபதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டை. பேசத் தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைப்பார்.

ஏரிக்கரை ஊர் விவசாயி ஒருவர் எழுந்து பத்து நிமிடம் பேசினார். கிணறு உப்பாகிவிட்டது, ஏரியைத் தூர் வாருவதாகச் சொல்லி மூன்று வருடமாகப் படம்தான் பிடிக்கிறீர்கள் என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் ஒரே வரியில் முடித்தார்: "நம் ஒத்துழைப்பில் இவருக்கு மிகுந்த திருப்தி." குழுவினர் கைதட்டினார்கள். கூட்டத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன்; எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தேநீர் இடைவேளையில் அவரை மடக்கினேன். "இது அநியாயம் இல்லையா?"

"முசியே, ரெண்டு வருஷமா உள்ளத உள்ளபடி சொன்னேன். ஒவ்வொரு வாட்டியும், மறுபடி ஆய்வு பண்ணணும்னு எழுந்து போயிட்டாங்க. திருப்தின்னு கேட்டாதான் தூர் வார்ற பணத்துக்குக் கையெழுத்துப் போடுவாங்க. ஏரி வேணுமா, பேச்சு வேணுமா?"

அதற்குள் விவசாயி அருகில் வந்துவிட்டார். "ஐயா, நான் சொன்னதெல்லாம் சொல்லிட்டீங்களா?"

"ஒண்ணு விடல."

நான் தேநீரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மாலையில் கையெழுத்தானது; அடுத்த கோடையில் ஏரியில் தூர் வாரும் இயந்திரம் இறங்கியது. குழுவின் அறிக்கையில் அந்த 'மிகுந்த திருப்தி' அச்சாகியிருக்கிறது. என் நாட்குறிப்பில் விவசாயி பேசியது முழுதும் இருக்கிறது. அதன் கீழே மொழிபெயர்ப்பாளரைப் பொய்யர் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்திருக்கிறேன். அந்த இடத்தில் காகிதமே கிழிந்துவிட்டது.