வீட்டு கேட் என்ன நிறம்?

சலாலாவில் தேநீர்க் கடைக்குப் போகிறவர்கள் இடம் பிடிக்க மேசைமேல் போனை வைத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல விலையுள்ள போனைப் போட்டுவிட்டுக் கை கழுவப் போவார்கள். சிலர் எதிர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டே வருவார்கள். போன் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். நான் தென்காசி பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து வளர்ந்தவன். அங்கே இடமும் போய்க் கைக்குட்டையும் போன நாட்கள் உண்டு. ஓமானுக்கு வந்த புதிதில் இந்தக் காட்சியை என்னால் நம்பவே முடியவில்லை. யாரோ ஒருவருடைய போனுக்குக் காவல் நின்று என் தேநீரை ஆறவிட்டிருக்கிறேன்.

இத்தனைக்கும் என் பிழைப்பே போன் விற்பதுதான். எந்தப் போன் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சுற்றி வளைக்க மாட்டேன். கேமரா எத்தனை என்று எண்ணாதே, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை வருடத்துக்கு அப்டேட் வரும் என்று கேள் என்பேன். பிறகு ஒரே மாடலை எடுத்து, அதற்கு ஒரே கறுப்பு ரப்பர் உறையை மாட்டிக் கொடுப்பேன். நான் வைத்திருப்பதும் அதுதான். ஊரில் சொந்தக்காரர்கள் கடை வாசலில் நின்று எனக்குப் படம் அனுப்பிக் கேட்டாலும் அதே பதில்தான். இந்தப் பிடிவாதம் ஒருநாள் என் காலையே வாரிவிட்டது.

அதற்கு முன் என் முதல் போனின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் ஜன்னத்தைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் ஐந்தருவிக்குப் போனேன். நல்ல சாரல். போன் நனையக் கூடாதே என்று, கடையில் வாங்கிய ரொட்டிப் பாக்கெட்டிலிருந்து ரொட்டியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, அந்த உறைக்குள் போனைப் போட்டு முடிச்சிட்டுப் படிக்கட்டில் வைத்தேன். குற்றாலத்துக் குரங்குக்கு ரொட்டிப் பாக்கெட் தெரியாதா? நான் தலையில் தண்ணீர் வாங்குவதற்குள் அது மரத்தில் இருந்தது. ஜன்னத் அவள் போனிலிருந்து அடிக்க அடிக்க, கிளையில் பாங்கு ஓசை கேட்டது. நான்தான் அதை ரிங்டோனாக வைத்திருந்தேன். கீழே ஒரு கூட்டமே கூடி அண்ணாந்து பார்த்தது. கடைசியில் உள்ளே ரொட்டி இல்லை என்று தெரிந்த கோபத்தில் குரங்கு அதைப் பாறையில் வீசிவிட்டுப் போனது.

சூடு கண்ட பிறகு நான் போன் பாதுகாப்புக்கே காவலனாகிவிட்டேன். சலாலாவிலிருந்து வீட்டுக்குக் குரல் பதிவுகளாக அனுப்பித் தள்ளினேன். தெரியாத எண்ணை எடுக்காதே. எடுத்தாலும் நீ முதலில் பேசாதே. ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதே. இப்போது குரலையே போலியாகச் செய்கிறார்களாம், அதனால் என் குரலே கேட்டாலும் நம்பாதே, நமக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேள். ஜன்னத் எல்லாவற்றையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். நமக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். என்ன வார்த்தை என்று கேட்டாள். அதைப் போனில் சொல்வது ஆபத்து, ஊருக்கு வரும்போது சொல்கிறேன் என்றேன். இரண்டு வருடமாக ஊருக்குப் போகவில்லை.

இந்த ஆனியில் இங்கே கரீஃப் என்கிற சாரல் காலம் தொடங்கியது. அரபு நாட்டில் சாரலா என்று கேட்காதீர்கள். குற்றாலத்தில் சீசன் இருக்கும் அதே நாட்களில் சலாலாவிலும் மலை பச்சையாகி, நாள் முழுக்கத் தூறும். அந்தத் தூறலில் மனசு இளகிப்போய், வாழ்க்கையில் முதல்முறையாக நானும் இந்த ஊர்க்காரனைப் போலப் போனை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் மேசை இருந்தது, போன் இல்லை.

எங்கள் போன் கடைக்கு ஓடினேன். கூட வேலை செய்யும் கொல்லத்துக்காரர் ஷாஜியின் போனிலிருந்து என் எண்ணுக்கு அடித்தேன். மணி போனது, எடுப்பாரில்லை. என் ஊர் சிம் ஜன்னத் கையில் இருக்கிறது, வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். என் ஓமான் எண்ணிலிருந்து ஒரு செய்தி போனால் அவள் யோசிக்காமல் அனுப்பிவிடுவாள். திருடனுக்கு முன்னால் நான் அவளைப் பிடிக்க வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அவளுடையதுதான். அடித்தேன். எடுக்கவில்லை. நான்காம் முறை எடுத்தாள், மூச்சு விடவில்லை.

"ஜன்னத், நான்தான் பேசுதேன். என் போன் காணாமப் போச்சு."

"அப்படித்தான் எல்லாத் திருட்டுப் பயலுகளும் சொல்லுவானுவ."

"நான்தாம்ட்டி! ஐந்தருவில குரங்கு போனத் தூக்கிட்டுப் போச்சே, ஞாபகமில்லையா?"

"அந்தக் கதைய எங்க வீட்டுக்காரரே பேஸ்புக்ல போட்டு ஊருக்கே தெரியும். நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. எங்க வீட்டு கேட் என்ன கலரு?"

"பச்சை."

"தப்பு. எங்க மக ஆயிஷா எத்தனாங் கிளாஸ் படிக்கா?"

"ஆறு."

"பள்ளிக்கூடம் தொறந்து ஒரு மாசமாச்சு, அவ ஏழு. மோட்டார் சுவிட்ச் எங்கன இருக்கு?"

"அடுக்களைக் கதவுக்குப் பின்னால."

"அதுவும் தப்பு. நீ எந்த ஊர்க்காரன்லே?"

கேட் நீலமாகிவிட்டதாம், பிறகுதான் தெரிந்தது. சுவிட்சை வாசல் பக்கம் மாற்றிவிட்டார்களாம். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் போகிற எந்தத் திருடனும் முதல் கேள்வியில் தேறியிருப்பான். சொந்த வீட்டுக் கேள்வித்தாளில் மூன்றுக்கு மூன்றும் தவறாக எழுதியவன் நான் ஒருவன்தான். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் முழுவதும் அவள்மேல் பாய்ந்தது.

"ஏட்டி, உனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? தெரியாத நம்பர்ல இவ்வளவு நேரமா வாயக் குடுத்துக்கிட்டு இருப்பே? மொதக் கேள்வி தப்புன்னதும் கட் பண்ண வேண்டாமா? மக எத்தனாங் கிளாஸ், சுவிட்ச் எங்கன இல்லைன்னு நீயே திருடனுக்குத் துப்பு குடுக்கியே! ஃபிரிட்ஜில என்ன எழுதி ஒட்டியிருக்கு?"

மறுமுனையில் அவள் சிரிப்பு கேட்டது. "ஆயிஷா, உங்க அத்தாதாம்ட்டி. இந்த மாதிரி ஏச வேற யாராலயும் முடியாது."

ஓடிபி தப்பியது. ஜன்னத் அத்தோடு விடவில்லை. என் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். கால் மணி நேரத்தில் எங்கள் பழைய வாடிக்கையாளரான ஓமானியப் பெரியவர் ஒருவர் கடைக்குள் வந்தார், கையில் என் போன். நான் வாய் திறப்பதற்குள் அவரே முறையிட்டார். "நீ விற்ற போன் கெட்டுவிட்டது. என் முகத்தை மறந்துவிட்டது. திறக்க மாட்டேன் என்கிறது." அதே மாடல், அதே கறுப்பு உறை, இரண்டும் நான் விற்றவை. பக்கத்து மேசையில் இருந்தவர் தன்னுடையது என்று எடுத்துப் போயிருக்கிறார். அவருடையது காரிலேயே கிடந்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். கடைசியாக வந்த அழைப்பை எடுத்துப் பேசியதாகவும் சொன்னார். "உன் மனைவியா? ஸலாம் சொன்னேன், பதில் ஸலாம் சொன்னார். பிறகு எனக்காக நெடுநேரம் துஆ செய்தார். நான் ஆமீன் ஆமீன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்." அன்று இரவு ஜன்னத்திடம் என்ன பேசினாய் என்று விசாரித்தேன். "நாசமாப் போவ, எங்க வீட்டுக்காரர் போன எடுத்த கை வெளங்குமாலே, அப்படின்னுதான். பாவம், எல்லாத்துக்கும் ஆமீன் சொன்னாரே!" என்றாள். அந்தப் பெரியவர் இன்றும் என்னைப் பார்த்தால் அவளை விசாரிக்கிறார்.

மறுநாள் மாலை கேட்டைக் காட்டச் சொன்னேன். ஆயிஷா வீடியோ அழைப்பில் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே சாரல், இங்கேயும் தூறல். கேட் நல்ல நீலமாகத்தான் இருந்தது. அதன் நடுவில் ஒரு மழைத்துளி விழுந்து நிறத்தை மறைத்தது. பெருவிரலால் துடைத்தேன், போகவில்லை. சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தேன்.

"அத்தா, என்ன செய்தீய?" என்றாள் மகள். "தண்ணி எங்க போன்ல இருக்கு. அங்கன இருந்து தொடச்சாப் போகுமா?"